டீல்க்கும் ஹன்னோவின் தீர்ப்பும்

ஜூன் 4

ஸ்டார்கேட் எஸ்ஜி-1 என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன். 1997இல் வந்த முதல் கதையிலேயே டீல்க் அணி மாறிவிடுகிறான். கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் அபோபிஸின் படைத்தலைவன் அவன், கைதிகளைக் கொன்றுவிடு என்று உத்தரவு, இவர்களை என்னால் காப்பாற்ற முடியும் என்று கைதிகளில் ஒருவனான, பூமியிலிருந்து வந்த அணியின் தலைவன் ஓநீல் சொல்ல, ஆயுதத்தைத் தன் வீரர்கள் பக்கமே திருப்புகிறான். மனைவி, மகன், ஊர் எல்லாம் போயிற்று. ஊரில் இனி அவன் பெயர் துரோகி. போதாததற்கு வயிற்றுக்குள் அபோபிஸின் எஜமான் இனத்தின் குஞ்சு ஒன்று வளர்கிறது. டீல்க்கின் இனமான ஜாஃபாக்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே அதுதான், எடுத்தால் செத்துப்போவார்கள். விசுவாசத்தை உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

ஜூன் 6

இன்று யோசித்தது டீல்க்கின் அப்பாவைப் பற்றி. ஒரு போரில் தோற்றதற்காக அவரைக் கொன்றவன் குரோனஸ், கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் இன்னொருவன். குரோனஸின் எதிரி அபோபிஸ், அதனால்தான் அபோபிஸிடம் சேர்ந்து மேலே வருகிறான் டீல்க். அதாவது பக்தியால் போனவன் இல்லை, பழி வாங்கப் போனவன். இவர்கள் கடவுள்கள்தானா என்ற சந்தேகத்தையும் குரு பிராடாக் ஏற்கெனவே விதைத்துவிட்டார். சந்தேகம் இருந்தும் சொன்னதையெல்லாம் செய்தான் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழியே இல்லை.

ஜூன் 9

முதல் சீசனின் 'கோர்-ஐ'. இந்த ஒரு கதைக்காகவே தொடரை யாருக்கும் சொல்வேன். ஹன்னோ என்பவன் டீல்க்கை அடையாளம் கண்டுகொள்கிறான், என் அப்பாவைக் கொன்றவன் இவன்தான் என்கிறான். அந்த ஊர் வழக்கப்படி குற்றம் சாட்டியவனே தீர்ப்பும் சொல்ல வேண்டும். டீல்க் மறுக்கவே இல்லை. ஓநீல் துடிக்கிறான், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தான், இப்போது திருந்திவிட்டான், இவனை விட்டால் எத்தனை உலகங்களுக்கு நல்லது என்று வாதாடுகிறான். எல்லாம் நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்தை டீல்க்கே தனக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறானே, அங்கேதான் அவன் யார் என்று தெரிகிறது. யாரையாவது ஒருவரைக் கொன்றாக வேண்டிய நிலையில் கால் ஊனமான அந்த மனிதரை அவன் தேர்ந்தெடுத்த காரணமும் வெளியே வருகிறது: அவர் இல்லாவிட்டால் அடுத்த முறை மற்றவர்கள் வேகமாக ஓடித் தப்பிப்பார்கள். இரக்கம்தான், ஆனால் என்ன கொடூரமான இரக்கம்! அந்த மகனிடம் போய் இதை ஆறுதலாகச் சொல்ல முடியுமா? தான் கொன்ற அத்தனை பேருக்கும் நீதி கொடுக்க முடியாது, இந்த ஒருவனுக்காவது கொடுக்கலாம் என்று நிற்கிறான் டீல்க். கிறிஸ்டோபர் ஜட்ஜ் முகத்தில் ஒரு தசை அசையாமல் இதை நடித்திருக்கிறார்.

கடைசியில் ஜாஃபாக்கள் தாக்க, டீல்க் அந்த மக்களுக்காகவே சண்டை போடுகிறான். என் அப்பாவைக் கொன்றவன் செத்துவிட்டான் என்று ஹன்னோ விடுவிக்கிறான்.

ஜூன் 15

மூன்றாம் சீசன் வந்துவிட்டேன். ஓநீல் அணியில் இருக்கும் டேனியலின் மனைவி ஷாரேயை அன்று தூக்கிக்கொண்டு போன படைக்குத் தலைவன் டீல்க். இப்போது அவள் உடலுக்குள் புகுந்து அவளை ஆட்டிவைக்கும் அந்த எஜமான் இனத்து எதிரி டேனியலைக் கொல்லப் போகிற நேரத்தில் அவளைச் சுடுவதும் அவனேதான். நீ செய்தது சரி என்று டேனியல் பிறகு சொல்கிறான். நானும் அதையே சொல்வேன்.

ஆனால் ஹன்னோவின் தீர்ப்பை இனி என்னால் ஏற்க முடியவில்லை. பழைய டீல்க் சாகவே இல்லை. அதே கை, அதே ஆயுதம், ஒரு நொடியில் யார் சாக வேண்டும் என்று முடிவெடுக்கும் அதே பழக்கம். டேனியல் பிழைத்தது அந்தப் பழைய படைத்தலைவனால்தான், டீல்க்குக்கும் இது தெரியும் என்றே நினைக்கிறேன்.