பல்கலைக்கழகத்தில் ட்ரோன் விமானிப் பயிற்சி: ஓர் அனுபவப் பகிர்வு

தஞ்சை மாவட்டத்தில் இயங்கும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றை வாங்க முடிவு செய்தபோது, அதை இயக்கச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேண்டும் என்பதால், கணக்கு வேலை பார்த்துவந்த என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற எந்த மையத்தில் படித்தாலும் கிடைப்பது ஒரே சான்றிதழ்தான். ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் மையத்தையே நான் தேர்ந்தெடுத்தேன். அங்கே பணிமனை உண்டு, இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல விமானப் பொறியியல் ஆசிரியர்கள் இருப்பார்கள் என்பதே காரணம்.

சேர்வதற்கான தகுதி எளிமையானது. வயது 18 முதல் 65க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். முன்பு கடவுச்சீட்டும் கட்டாயமாக இருந்தது. 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தி, வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாளச் சான்றுகளே போதும் என்றார்கள். என்னோடு படித்தவர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்களும் இருந்தார்கள். அந்தத் திருத்தம் வராதிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பத்தையே நிரப்பியிருக்க முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் கேட்டறிய வேண்டியது, எந்த எடைப்பிரிவுக்குப் பயிற்சி என்பது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம் என்று 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பிரிக்கின்றன. இது சுமையும் சேர்ந்த மொத்த எடை. பத்து லிட்டர் மருந்துத் தொட்டி கொண்ட வேளாண் ட்ரோன், தொட்டி நிறைந்திருக்கும்போதும் 25 கிலோவுக்குள் அடங்கும்படியே பெரும்பாலும் வடிவமைக்கப்படுகிறது என்பதால் எனக்குச் 'சிறியது' என்ற பிரிவே தேவைப்பட்டது. சான்றிதழில் குறிப்பிட்டுள்ள எடைப்பிரிவைத் தாண்டிப் பெரிய ட்ரோனை ஓட்ட அது செல்லாது.

வகுப்பறைப் பாடங்களில் என்னை மிகவும் ஈர்த்தது வான்வெளி வரைபடம். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவில் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். இன்னும் நெருங்கினால் முன்அனுமதி வேண்டிய மஞ்சள், அதற்கும் உள்ளே பொதுவாகப் பறக்கவே கூடாத சிவப்பு. பயிற்சியாளர் முதல் எடுத்துக்காட்டாகக் சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி) வளாகத்தைக் காட்டினார். தமிழ்நாட்டில் ஆளில்லா வானூர்தி ஆராய்ச்சிக்குப் பெயர்போன அந்த வளாகம், ஒருபுறம் மீனம்பாக்கம் விமான நிலையமும் மறுபுறம் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் இடத்தில் அமைந்துள்ளது. பிறகு அவரவர் ஊரைத் தேடச் சொன்னார். நான் தஞ்சாவூரைத் தேடியபோது, 2020 முதல் சுகோய் போர் விமானப் படையணி நிலைகொண்டுள்ள விமானப்படைத் தளத்தைச் சுற்றிய பகுதிகளில் எங்கள் உறுப்பினர்கள் சிலரின் வயல்களும் அடங்கியிருந்தன. அந்த வயல்களுக்கு முன்அனுமதி இல்லாமல் ட்ரோன் சேவை தர முடியாது என்பதை, ட்ரோன் வாங்கும் முன்பே அறிந்துகொண்டது எங்கள் நிறுவனத்துக்குப் பெரிய நன்மை. (250 கிராமுக்குக் குறைந்தால் எதுவும் வேண்டாம் என்று கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர்கள் சொல்வதுண்டு. விமானிச் சான்றிதழ்தான் வேண்டாம். சிவப்புப் பகுதி அவர்களுக்கும் சிவப்புத்தான்.)

வானிலைப் பாடமும் வானொலித் தொடர்புப் பாடமும் கணக்குப் படித்தவனுக்குப் புதியவை. விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பில் காற்றின் திசை பாகையிலும் வேகம் 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகிலும் சுருக்கெழுத்தாக இருக்கும். அதைப் படித்துப் பழக இரண்டு மாலைகள் போதும். வானொலியில் எழுத்துகளை ஆல்பா, பிராவோ என்று உச்சரிக்கும் முறையை வயல்வெளியில் நான் பயன்படுத்தப் போவதில்லை என்றாலும் தேர்வுக்கு அது வேண்டும்.

அடுத்தது சிமுலேட்டர். கணினித் திரையில் ட்ரோன் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடியும் எழுப்பலாம் என்பதால் எல்லோரும் துணிச்சலாகவே ஓட்டினோம். இடக்கைக் குச்சி ஏற்றி இறக்கவும் திருப்பவும். வலக்கைக் குச்சி முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தவும். இது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது திசை. ட்ரோனின் முன்பக்கம் நம்மிடமிருந்து விலகி இருக்கும்வரை வலக்கை நகர்த்தும் பக்கமே அதுவும் நகரும். அது நம்மை நோக்கித் திரும்பிய நொடியில் வலம் இடமாகிவிடும். பயிற்சியாளர் வேறு எதையும் விட அதிகம் கேட்ட கேள்வி, "மூக்கு எந்தப் பக்கம்?" என்பதே. எட்டு வடிவத்தில் ஓட்டும்போது பாதி வட்டத்துக்கு ஒருமுறை அந்தக் கேள்வி வரும். சிமுலேட்டருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது என்பது என் கருத்து. மைய வளாகத்திலேயே தங்கியிருந்தவர்கள் மாலையிலும் பழகினார்கள், அந்த வேறுபாடு திடலில் தெரிந்தது.

திடலில் மாணவரின் ரிமோட்டும் பயிற்சியாளரின் ரிமோட்டும் இணைக்கப்பட்டிருக்கும். நிலைமை கைமீறினால் அவர் ஒரு சுவிட்சைத் தட்டித் தம் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொள்வார். முதலில் ஜி.பி.எஸ். உதவியோடு ஓட்டினோம். குச்சிகளை விட்டுவிட்டால் ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கும். இவ்வளவுதானா என்று தோன்றும். மறுநாள் ஜி.பி.எஸ். உதவியை நிறுத்திவிட்டு ஓட்டச் சொன்னார்கள். குச்சியைத் தொடாவிட்டாலும் ட்ரோன் காற்றோடு நகர்ந்துகொண்டே போயிற்று. அதுவரை இயந்திரம் நமக்காக நொடிதோறும் செய்துவந்த வேலை என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் குறுவைக்கு மருந்து தெளிக்கும் காலமும் ஏறத்தாழ அதுதான். உயரழுத்த மின்கம்பிகளுக்கும் இரும்புக் கட்டுமானங்களுக்கும் அருகில் ட்ரோனின் திசைகாட்டி குழம்பி இந்த உதவி கைவிடக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் இல்லாத ஒருவரிடம் பத்து லிட்டர் பூச்சிக்கொல்லியைச் சுமந்த இயந்திரத்தை ஒப்படைப்பது சரியல்ல என்று உறுதியாகச் சொல்வேன். நேராகக் கீழே வேகமாக இறக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன். அப்படி இறக்கினால் தன் இறக்கைகள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் அமிழ்ந்து தூக்குவிசையை இழக்கும். பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இறக்க வேண்டும்.

தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் வசதியைப் பற்றி ஒரு வகுப்பு முழுவதும் பேசினார்கள். திரும்பி வரும் உயரத்தை நாம்தான் முன்கூட்டியே குறிக்க வேண்டும். வெட்டவெளித் திடலில் 15 மீட்டர் போதும். தென்னந்தோப்பு சூழ்ந்த வயலில் அதே 15 மீட்டர் நேரே மட்டைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். எனவே வயலுக்கு வயல் அந்த எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது.

லித்தியம் பாலிமர் பேட்டரிக்குத் தனி ஒழுக்கம் உண்டு. முழு மின்னேற்றத்தில் ஒரு கலத்துக்கு 4.2 வோல்ட், எடுத்துவைக்கும்போது ஏறத்தாழ 3.8 வோல்ட், உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது, இறக்கிய சூட்டோடு மின்னேற்றத்தில் போடக் கூடாது.

இறுதியில் எழுத்துத் தேர்வும் பறத்தல் தேர்வும் நடந்தன. பறத்தல் தேர்வில், புறப்படுமுன் செய்யும் சோதனைகளை வாய்விட்டுச் சொல்லிச் செய்வதும் கவனிக்கப்பட்டது. 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் பயிற்சி நிறுவனமே அரசுத் தளத்தின் வழியாகச் சான்றிதழை வழங்கிவிடுகிறது. அது 10 ஆண்டுகள் செல்லும்.

சான்றிதழ் வந்த பிறகும் வேலை மீதம் இருந்தது. வகைச் சான்று (அந்த மாதிரிக்கு அரசு தரும் ஒப்புதல்) பெற்றதுதானா என்று பார்த்து ட்ரோனை வாங்கி, அதற்குரிய தனி அடையாள எண்ணைப் பதிவு செய்து, மூன்றாம் நபர் காப்பீடும் எடுத்தோம். மருந்தின் அளவு, துளி காற்றில் அடித்துச் செல்லப்படாமல் பயிருக்கு மேல் பறக்க வேண்டிய உயரம், பக்கத்து வயலுக்கு விடவேண்டிய இடைவெளி ஆகியவை விமானிப் பயிற்சியில் தொட்டுக்காட்டப்பட்டனவே தவிர விரிவாகக் கற்பிக்கப்படவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் விமானிப் பயிற்சி 5 நாட்களும், உரம், மருந்து தெளிப்பதற்கான பயிற்சி மேலும் 10 நாட்களும் வைத்திருப்பது இதனால்தான். நான் அந்தத் திட்டத்தில் வராதவன் என்பதால், வேளாண் அலுவலர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, முதல் பருவம் முழுவதும் எங்கள் சொந்த வயலில் வெறும் தண்ணீரைத் தெளித்தே பழகினேன்.