வெடிப்பை ஒதுக்காத தச்சர்: ஜார்ஜ் நாகஷிமா

ஓரம் சீவாத முழுப் பலகை மேசை இப்போது நம்மூரிலும் ஆசையாகச் செய்யப்படுகிறது. அதன் வெடிப்பு மேலும் விரியாமல் பிடிக்கப் பதிக்கும் பட்டாம்பூச்சி ஆப்பை (இரு முனையும் அகன்று, நடு ஒடுங்கிய மரத்துண்டு) பலர் வெறும் அலங்காரமாக நினைக்கிறார்கள். அதைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்ட ஜார்ஜ் நாகஷிமாவின் பாதையைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது.

1905-இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் பிறந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்து, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பொறுப்போடு 1937-இல் புதுச்சேரி வந்து, அந்த ஆசிரமத்திலேயே சேர்ந்து ‘சுந்தரானந்தா’ ஆனார். அந்த விடுதியின் தேக்குக் கதவுகளில் சட்டங்கள் முன்னும் பின்னுமாக அமைந்திருக்கும். காற்று உள்ளே வரும், பார்வை வராது. மரம் இப்படி வேலை செய்ய வேண்டும்!

பிறகு அமெரிக்கா திரும்பியவர், போர்க்காலத்தில், 1942-இல், ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே குடும்பத்தோடு அங்குள்ள மினிடோகா தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய இணைப்பு முறைகளைக் கற்றார். கையில் கிடைத்தது கழிவுப் பலகையும் பாலைவனப் புதர்க்கட்டையும்தான். 1943-இல் விடுதலையாகி, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டபோதும், மற்றவர்கள் ஒதுக்கிய முடிச்சும் வெடிப்பும் உள்ள பலகைகளை அவர் விடவில்லை.

இனி ஆப்பு விஷயம். முதலில் மரம் காய வேண்டும். நிழலில் காற்றோட்டமாக அடுக்கினால், அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு. ஈரப் பலகையில் ஆப்பு வைத்தால் வெடிப்பு அதைத் தாண்டி ஓடிவிடும்.

ஆப்பின் நார் அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். ஆப்பு வெடிப்புக்குக் குறுக்கே உட்கார வேண்டும். நாரை மாற்றி வெட்டினால் ஒடுங்கிய இடுப்பு முதல் இழுப்பிலேயே முறியும். நிறைய மேசைகள் கெடுவது இதனால்தான். ஆப்பின் கனம் பலகையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும், பாதி என்றால் இன்னும் நல்லது. பலகையைவிட மென்மையான மரத்தில் ஆப்பு செய்யாதீர்கள்.

எப்போதும் ஆப்பை முதலில் வெட்டுங்கள். அதையே பலகைமேல் வைத்துக் கூரான கத்தியால் கோடு கீறுங்கள்; பென்சில் கோட்டின் தடிமனே இடைவெளியாகிவிடும். நடுவைத் தோண்டிய பிறகு, கோட்டு ஓரத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள். ஆப்பின் அடிப்பக்கத்தை மயிரிழை அளவு குறுக்கினால் அடிக்க அடிக்க இறுகும். பசை தடவி இறக்கி, 2 மி.மீ. மேலே நிற்கும்படி விட்டு, காய்ந்தபின் இழைப்புளியால் சமன் செய்யுங்கள்.

கடைசியாகக் கால்களைப் பூட்டும்போது கவனம். ஒரு மீட்டர் அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் ஒரு செ.மீ. வரைகூட விரிந்து சுருங்கலாம். குறுக்குச் சட்டத்தில் திருகாணிக்கு வட்டத் துளை போடாமல், பலகையின் அகலவாக்கில் நீளத் துளை போடுங்கள். இறுக்கிப் பிடித்தால் ஆப்புக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு விழும்.