காசு வாங்காத போட்டோகிராபர் நண்பருக்கு என்ன கொடுப்பது?

காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, விடியற்காலை நாலு மணிக்கே வந்து பந்தி முடியும்வரை நின்று படம் எடுத்துக் கொடுத்திருப்பார். கவரை நீட்டினால், "இன்னா மச்சான், காசு கொடுத்து அசிங்கப்படுத்துற?" என்று பாக்கெட்டில் திருப்பிச் சொருகிவிடுவார். சரி, ஏதாவது பொருளாக வாங்கிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனால்தான் சிக்கல் தொடங்கும்.

பல வருஷம் தொழிலில் இருப்பவரிடம் லென்ஸ், பை, டிரைபாட், ஃபில்டர் எல்லாம் அவரவர் கைக்கும் வேலைக்கும் ஏற்ப அமைந்திருக்கும். கேனானின் புதிய ஆர்எஃப் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையம்) லென்ஸ் பழைய இஎஃப் பாடியில் ஏறாது. ஃபில்டர் வாங்க லென்ஸின் விட்டம் தெரிய வேண்டும்: 67, 72, 77, 82 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு. லென்ஸ் மூடியின் உள்பக்கத்தில் அந்த எண் பெரும்பாலும் போட்டிருக்கும். அது தெரிந்துவிட்டாலும், நல்ல கண்ணாடிக்கு முன்னால் மட்டமான கண்ணாடியை மாட்ட அவர் சம்மதிக்க மாட்டார். லென்ஸ் வடிவ காபி டம்ளர் அவர் வீட்டு ஷோகேஸில் ஏற்கெனவே குறைந்தது இரண்டு இருக்கும்.

மெமரி கார்டு கொடுக்கலாம் என்பார்கள். கொடுக்கலாம்தான், ஆனால் கேமரா மாடல் தெரிந்தாக வேண்டும். எஸ்டி கார்டிலேயே யுஎச்எஸ் 1, யுஎச்எஸ் 2 என்று வேகத்தில் இரண்டு வகை உண்டு; பின்பக்கம் தங்க நிறப் பற்கள் இரண்டு வரிசை இருந்தால் இரண்டாவது வகை. வி30, வி60, வி90 என்பவை வினாடிக்குக் குறைந்தது எத்தனை எம்பி தொடர்ந்து எழுதும் என்பதைச் சொல்லும் எண்கள். சில கேமராக்களுக்கு எஸ்டி அல்லாத சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற கார்டுதான், அதிலும் சோனிக்கு டைப் ஏ, நிக்கானுக்கு டைப் பி. ஆன்லைனில் போலிக் கார்டுகளும் ஏராளம்: 128 ஜிபி என்று காட்டும், பாதிக்கு மேல் எழுதினால் படம் காணாமல் போகும். பில்லோடு கொடுங்கள். அவரே கம்ப்யூட்டரில் ஒருமுறை முழுக்க நிரப்பிச் சோதித்துக்கொள்வார்.

என் கணக்கில், கொடுத்தால் அவர் உண்மையிலேயே மகிழும் பொருள் ஒன்று உண்டு. அவர் எடுத்த படத்தின் நல்ல பிரிண்ட். ஊர் முழுக்க ஆல்பம் போட்டுக் கொடுப்பவர் வீட்டுச் சுவரில் அவர் படம் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் தூங்கும். விரிஞ்சிபுரம் கோயில் மதிலையோ, மழை விட்ட மறுநாள் வேலூர்க் கோட்டை அகழியையோ அவர் தனக்காக எடுத்து வைத்திருப்பார். அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

ஒரிஜினல் ஃபைல் வேண்டும். இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்தால் அகலம் 1080 பிக்சல்தான் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல்கூட வராது, முகமெல்லாம் கரைந்து தெரியும். 12க்கு 18 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600க்கு 5400 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 தருவதால் தாராளமாகப் போதும். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டுமானால் அவர் வீட்டம்மாவிடமோ ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்க்கும் தம்பியிடமோ கேட்டு, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அளவில் 12க்கு 18ஐ விட்டு நகராதீர்கள். கேமரா படம் 3:2 விகிதம். இந்த அளவும் அதே விகிதம். 8க்கு 10 போட்டால் ஓரம் வெட்டுப்படும், ஏ3 போட்டாலும் கொஞ்சம் போகும். அவர் ஓரத்தில் வேண்டுமென்றே விட்டு வைத்த ஒற்றைத் தூண் காணாமல் போனால், பார்த்த முதல் நொடியில் அதைத்தான் சொல்வார்.

பிரிண்ட் போடும் லேபில் சொல்ல வேண்டியது: "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க." சொல்லாவிட்டால் ஆட்டோவில் வெளிச்சம் ஏற்றிவிடுவார்கள், அந்தி நேரத்துப் படம் மத்தியானமாகிவிடும். சாதாரண லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான கலர் முறையில் ஜேபெக் ஃபைல் போதும். பளபளப்புத் தாள் வேண்டாம், லேசாக மினுங்கும் லஸ்டர் அல்லது மினுங்காத மேட் கேளுங்கள். செலவு செய்ய மனமிருந்தால் ஹானெமூலே போட்டோ ராக் மாதிரி 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) பருத்தித் தாளில் பிக்மெண்ட் இங்க் பிரிண்ட். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை லேபுக்கு ஃபைல் அனுப்பி, டியூபில் சுருட்டிக் கூரியரில் வாங்கலாம்.

பெரும்பாலும் கெட்டுப்போவது பிரேம் கடையில்தான். சாமிப் படத்துக்குப் பிரேம் போடுகிற பழக்கத்தில் கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் தோலுரிந்து வரும். அதனால் நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படம் தெரிய ஜன்னல் வெட்டிய அட்டை, கட்டாயம். அமிலமில்லாத வெள்ளை போர்டு, சுற்றிலும் இரண்டரை அங்குலம். படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஜன்னல் நாலு பக்கமும் கால் சென்டிமீட்டர் உள்ளே வந்தால் போதும். படத்தை ஃபெவிகாலால் முழுக்க ஒட்ட விடாதீர்கள். காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில் அலையடிக்கும். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் அமிலமில்லாத டேப் போட்டுத் தொங்கவிட்டால் போதும், கீழே தானாக அசைந்துகொள்ளும். பிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் சிறிய ரப்பர் குமிழ் இரண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும், ஓதம் ஏறாது.

நம் வேலூர்ப் பக்கம் இருந்துகொண்டு தோலை விடுவதா? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் டேனரி இருக்கும்போது கேமரா ஸ்ட்ராப்பைச் சொல்லிச் செய்து வாங்கலாம். ஆனால் ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் தோல் துண்டு இதற்கு ஆகாது. ஷூ மேல்பக்கத் தோல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது, பெரும்பாலும் குரோம் பதனீடு, அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. மென்மையாக இருக்கும், கனத்தில் இழுபடும். ஃபுல் ஃபிரேம் கேமராவும் 70-200 ஜூம் லென்ஸும் சேர்ந்தால் இரண்டு கிலோவை நெருங்கும், சிலவற்றில் தாண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் செய்தது. இப்போது வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு அதிகம். கனம் 3 மில்லிமீட்டர், தோளில் படும் இடத்தில் அகலம் மூன்றரை சென்டிமீட்டர். முதுகுப் பக்கத்திலிருந்து வெட்டிய வார் வேண்டும், வயிற்றுப் பக்கத் தோல் நீளும். சந்தேகமிருந்தால் ஓரத்துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: பட்டைத் தோலின் சாம்பல் சாம்பல் நிறத்திலேயே இருக்கும், குரோம் தோலில் பச்சை தட்டும்.

வாரின் முனையைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ராப் மாட்டும் கேமராவின் காதில் 3 மில்லிமீட்டர் தோல் நுழையாது. 10 மில்லிமீட்டர் அகல நைலான் நாடாவை முனையில் தைத்து, சந்திக்கும் இடத்தை மெழுகு நூலால் கையில் இரட்டைத் தையலாகப் போடச் சொல்லுங்கள். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரியும். ரிவெட் வேண்டாம். வேண்டியே ஆக வேண்டுமானால், பின்னால் தோல் துண்டு வைத்து மறைக்கவும், இல்லாவிட்டால் கேமரா முழுக்கக் கீறல். நீளத்துக்கு அவருடைய இப்போதைய ஸ்ட்ராப்பை அளந்து பாருங்கள்: கழுத்தில் மாட்டுபவருக்கு 110 முதல் 120 சென்டிமீட்டர், குறுக்கே போடுபவருக்கு 130க்கு மேல். வாங்கும் முன் நனைத்த வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்க்கவும். சாயம் ஒட்டினால், கத்திரி வெயிலில் அவர் சட்டைக் கழுத்திலும் ஒட்டும்.

இரண்டு கேமராவை இரட்டைத் தோள்பட்டையில் மாட்டித் திரிபவருக்கு இது உதவாது. கோயில் கல்யாணம், கும்பாபிஷேகம் என்றே ஓடுபவருக்கும் யோசித்துக் கொடுங்கள்; கருவறை அருகே தோல் பெல்ட்டையே கழற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. அவருக்குத் தடித்த பருத்தி நாடா ஸ்ட்ராப் போதும்.

கையில் இருப்பது ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான் என்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க ஒரு பெட்டி செய்து கொடுக்கலாம். ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 250 கிராம், ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நிற்க வேண்டும். மலிவு மீட்டர் தப்பாகக் காட்டும் என்பதால் கொடுப்பதற்கு முன் நீங்களே சோதித்துவிடுங்கள்: பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் மூடி எட்டு மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் "4 கூட்டிக்கொள்ளவும்" என்று பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். ஜெல் பச்சையானால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும். நீல நிற ஜெல் வாங்காதீர்கள், அதில் கோபால்ட் இருக்கிறது. வீட்டு ஓவனில் போடக்கூடாது. அவரிடம் ஏற்கெனவே டிரை கேபினட் (ஈரம் ஏறாத கேமரா அலமாரி) இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருளே வேண்டாம் என்பவர்களும் உண்டு. கார் உங்களுடையது, ஓட்டுவதும் நீங்கள் என்று ஓர் இரவு நட்சத்திரப் படம் எடுக்க ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போங்கள். அந்த மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பதே அங்கே வானம் இருட்டாக இருப்பதால்தான். அமாவாசையை ஒட்டிய நாள், மார்ச் அல்லது ஏப்ரல். பால்வீதியின் நடுப்பகுதி நள்ளிரவு தாண்டித்தான் நன்றாக மேலே ஏறும். காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அவர் படம் எடுக்கும்போது ஹெட்லைட்டையோ போன் டார்ச்சையோ போட்டுவிடாதீர்கள், சிவப்பு வெளிச்சம் மட்டும்.

பிரேமை பஸ்ஸில் கொண்டு போவதாக இருந்தால் கண்ணாடிக்குப் பதில் 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். மூலைகளுக்கு அட்டை, மேலே பபிள் ஷீட் இரண்டு சுற்று. மேல் ரேக்கில் படுக்க வைக்காமல் காலடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கில் கீறல் விழும் என்பதால் அதன் வெளிப்பக்கத்துப் பாதுகாப்புக் காகிதத்தை அவர் வீட்டில் ஆணியில் மாட்டிய பிறகு உரித்தால் போதும்.