வோல்ற்றுமானியைப் பூட்டி வைத்த நாள்

நமது பௌதிக ஆய்வுகூடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு செய்முறைதான். அன்று சேர் வோல்ற்றுமானிகளை எல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மேசையில் செப்புக் கலோரிமானி (வெப்பத்தை அளக்க நீர் விடும் பாத்திரம்), சூடாக்கும் சுருள், அம்பியர்மானி, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் இறையோதற்று, வெப்பமானி, நிறுத்தற்கடிகாரம். "சுருளுக்குக் குறுக்கே எத்தனை வோல்ற்று? சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

விஞ்ஞானி யூல் 1841 இல் வெளியிட்ட விதி எங்களுக்கு மனப்பாடம்: மின்னோட்டத்தின் வர்க்கம், தடை, நேரம், மூன்றையும் பெருக்கினால் வெப்பம். ஆனால் சுருளின் தடையைச் சேர் சொல்லவில்லை. அதனால் வெப்பத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

கலோரிமானி 50 கிராம், நீர் 100 கிராம். மின்னோட்டம் 2 அம்பியரை விட்டு அசையக்கூடாது. ஊசி சற்றே சரிந்தாலும் இறையோதற்றின் வழுக்கியைப் பிடித்திருந்தவர் மெல்ல நகர்த்துவார். மற்றவர் விடாமல் கலக்குவார். கலக்காவிட்டால் சுருளைச் சுற்றிய நீர் மட்டும் சூடாகி, வெப்பமானி பொய் சொல்லும். 300 செக்கனில் 10 பாகை ஏறியது.

நீரின் தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம், 4200 யூல்; செம்புக்கு ஏறத்தாழ 400. நீர் வாங்கியது 4200 யூல், கலோரிமானி 200 யூல், ஆக 4400. 300 செக்கனில் 2 அம்பியர் என்றால் சுருளூடாகச் சென்ற மின்னேற்றம் 600 கூலோம். வகுத்தால் 7.3 வோல்ற்று! ஒரு கூலோம் சுருளைக் கடக்கும்போது எத்தனை யூலை விட்டுச்செல்கிறது என்பதுதான் வோல்ற்று. புத்தகத்தில் வரைவிலக்கணமாகக் கிடந்ததை வெந்நீரில் கண்டோம். அந்த மகிழ்ச்சி இன்றும் எனக்குள் இருக்கிறது.

அப்புறம் அலுமாரி திறந்தது. வோல்ற்றுமானி காட்டியது 7.6. சேர் முகம் சுளிக்கவில்லை, "குறைந்த வெப்பம் எங்கே போனது?" என்று மட்டும் கேட்டார். அறை வெப்பநிலைக்கு மேலே போனதும் கலோரிமானி சூழலுக்கு வெப்பத்தை இழக்கத் தொடங்கும். அதனால் கணித்த பெறுமானம் குறைந்தே வரும். சரி, மறுபடி செய்தோம். இம்முறை நீரை அறை வெப்பநிலைக்கு 5 பாகை கீழே குளிர்த்தித் தொடங்கி, 5 பாகை மேலே நிறுத்தினோம். முதற்பாதியில் சூழலிடமிருந்து வாங்குவது, பிற்பாதியில் இழப்பதை ஈடுசெய்யும். ஆனால் அளவுக்கு மீறிக் குளிர்த்தினால் கலோரிமானியின் வெளிச்சுவரில் நீராவி ஒடுங்கிக் கணக்கைக் கெடுக்கும். அதையும் சேர் விரலால் தடவிப் பார்த்தார்.

அதே 10 பாகைக்கு இப்போது 292 செக்கன் போதுமாயிருந்தது. விடை 7.5. எஞ்சிய சிறு வித்தியாசத்துக்கு, கலக்கியும் வெப்பமானியும் வாங்கிய வெப்பத்தைக் கணித்து வரச் சொல்லி வீட்டுவேலை தந்தார்.