துணியில் சுற்றிய பிள்ளை

குறைமாதக் குழந்தைகள் வார்டில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அதில் நான்கு கிறிஸ்துமஸ் இரவுகள் டியூட்டியிலேயே கழிந்தன. முதல் தடவை அப்படி அமைந்தபோது மனம் நொந்துபோனேன். லீவு கேட்டும் கிடைக்கவில்லை. எல்லாரும் நள்ளிரவு ஆராதனையில் இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இப்படி என்ற ஆற்றாமையோடுதான் வார்டுக்குள் நுழைந்தேன்.

அன்று இருந்ததிலேயே சின்னக் குழந்தையின் எடை 1,300 கிராம். இந்தக் குழந்தைகளுக்குக் குளிர்தான் பெரிய எதிரி. தோலுக்கடியில் கொழுப்பு இருக்காது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. ஈரத்துணியில் கொஞ்ச நேரம் கிடந்தாலே உடம்புச் சூடு இறங்கிவிடும். அது 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் எங்கள் இரவில் பாதி போகும். அன்று அந்தக் குழந்தைக்கு 36.1. துணியை மாற்றி, தொப்பியைச் சரிசெய்து, வார்மரின் சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட நின்ற நர்ஸ், வேறு மதத்துப் பெண், மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்க சாமியும் பிறந்தப்போ இப்படித்தான் இருந்திருப்பாரா?"

ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது: 'அந்த வார்த்தை மாம்சமாகி...' கடவுள் மனிதனானதை யோவான் சுவிசேஷம் சொல்லும் வசனம் அது. அதைச் சொல்லவில்லை. "ஆமா, இப்படித்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் கனம் எனக்கே உறைத்தது. சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று என்று யோவான் யாரைப் பற்றி எழுதினாரோ, அவருக்குத் தலை நிற்கவில்லை. பசித்தால் அழத்தான் தெரியும். தாய் துணியில் சுற்றாமல் விட்டிருந்தால் குளிர்ந்துபோயிருப்பார். கடவுள் மனிதரின் கைகளை நம்பி வந்தார் என்பதுதான் கிறிஸ்துமஸ். அத்தனை வருடம் அதைப் பாடியிருக்கிறேன். கையில் தொட்டது அன்றுதான்.

அப்புறம் இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரம் எனக்கு வேறு மாதிரி புரியத் தொடங்கியது. வழிகாட்டும் நட்சத்திரம் மத்தேயு சுவிசேஷத்தில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்குக் கிடைத்தது. மேய்ப்பர்களுக்குத் தூதன் சொன்ன அடையாளம் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்திய ஒரு பிள்ளை, அவ்வளவுதான். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி. அந்த மேய்ப்பர்கள் ஆலயத்திலா இருந்தார்கள்? 'இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.' நைட் டியூட்டி! செய்தி அவர்கள் வேலை செய்த இடத்துக்கே வந்தது. போய்ப் பார்த்தார்கள், துதித்துக்கொண்டே திரும்பினார்கள். ஆடுகள் காத்திருந்திருக்கும்.

இன்னொரு வருடம் ஒரு டாக்டர், "டிசம்பர் 25 என்று பைபிளில் இல்லையே" என்றார். உண்மைதான். ரோமில் 336-ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தத் தேதிக்குச் சான்று கிடைக்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை. பிறந்த நாள் தெரியாமல் எங்களிடம் வரும் குழந்தைகளும் உண்டு. கேஸ் ஷீட்டில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்கிறோம். தேதி உத்தேசம்தான். குழந்தை உத்தேசம் இல்லை.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் ஒன்றை இழந்தோம். அந்தத் தாயின் அருகில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. இம்மானுவேல், தேவன் நம்மோடு இருக்கிறார் என்ற சொல்லை அன்று பிடித்துக்கொண்டேன். மரணம் வராது என்று அந்தச் சொல் வாக்குக் கொடுக்கவில்லை. கிறிஸ்து பிறந்த கதையைச் சொல்லும் மத்தேயுவே, ஏரோது ராஜா கொன்ற பிள்ளைகளுக்காக ஆறுதலடையாமல் அழும், இஸ்ரவேலரின் ஆதித்தாய் ராகேலையும் உடனே கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்த அழுகையை ஒதுக்கிவிட்டுக் கொண்டாடும் கிறிஸ்துமஸ் எனக்கு வேண்டாம்.

அந்த முதல் இரவில் விடியும்போது குழந்தையின் சூடு 36.8-க்கு வந்திருந்தது. ஆறு மணிக்குத் தாய் வந்தாள். குழந்தையை அவள் வெறும் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்து ஒரே துணியால் சுற்றிக் கட்டினேன். "இறுக்கமா இருக்காம்மா?" என்று கேட்டேன். கண்ணை மூடியபடியே இல்லை என்று தலையசைத்தாள்.