ஊர் ஒன்று, பெயர் இரண்டு

ஒலிப்பதிவுக் காப்பகம் ஒன்றில் மொழிப்பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாக ஒரு மொழியைச் சேர்க்க அரை மணி நேரம் போதும். ஒன்றை அடித்து நீக்க ஒரு மாதம் ஆகும். இருக்கிறது என்பதற்கு ஒரு சொற்பட்டியல் சாட்சி. இல்லை என்பதற்கு யாரைக் கூப்பிடுவது?

மோசடி என்றால் சுலபம். அமெரிக்கப் பழங்குடியினரான டயன்சாக்களின் மொழி என்று 1882இல் பாரிஸில் இலக்கணமே அச்சானது. மூன்றே ஆண்டுகளில் பிரின்டன் என்ற ஆய்வாளர் அதைப் போலி என்று காட்டிவிட்டார். நாணயமானவர்கள் செய்யும் குழப்பம்தான் கஷ்டம்.

சீனாவின் மேற்குச் சிச்சுவான் மலைப்பள்ளத்தாக்குகளில் பேசப்படும் சியாங்கிய மொழிகளில் இது அதிகம். திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தின் ஒரு கிளை என்று இவற்றைச் சொல்வார்கள். பேசுகிறவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், திபெத்தியர்கள் இன்னொன்று, சீன ஆய்வாளர்கள் வேறொன்று. சேர்ந்த புதிதில் ஹோர்பா, எர்கோங் இரண்டையும் தனித்தனி மொழியாகப் பதிந்தவன் நான்தான். முதலாவது, 1853இல் ஹாட்ஜ்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வெளியிட்ட சொற்பட்டியலில் உள்ள பெயர். இரண்டாவது சீன ஆய்வுகளில் வருவது. ஒருநாள் இரண்டு கோப்புகளையும் அருகருகே விரித்தேன். ஒன்றில் ஊர் 'தாவு', மற்றதில் 'தாவ்ஃபூ'. திபெத்தியர் வாயிலும் சீனர் வாயிலும் ஒரே ஊர்! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை வாய்விட்டுப் படித்தேன். எழுத்துக்கூட்டல்தான் வேறு.

நமக்கும் இது நேர்ந்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பலர் தமிழை 'மலபார்' என்றே எழுதினார்கள்.

ஹோர்பா, எர்கோங் இரண்டையும் இணைத்தேன், பெருமையாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஹோர்பா என்ற அந்த ஒரு பெயருக்குள்ளேயே கெஷிஸா போன்ற பேச்சுகள் இருக்கின்றன, சிலவற்றைத் தனி மொழி என்றே சொல்கிறார்கள். ஒன்றை அடித்த கையால் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

சியாங்கியம் என்ற கிளையே சந்தேகத்தில்தான் நிற்கிறது. 1980களில் சீன மொழியியலாளர் சுன் ஹோங்காய் இந்த வகைப்பாட்டை நிலைநாட்டினார். ஆற்றின் போக்குக்கு எதிராக, போக்கோடு, உள்ளே, வெளியே என்று வினைச்சொல்லுக்கு முன் திசையொட்டு சேர்ப்பது இவற்றின் பொது அடையாளம். ஆனால் பொது மூதாதை மொழியிலிருந்து வராமல், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமாகவும் அது இருக்கலாமே என்று 2012இல் கேட்டார் மொழியியலாளர் கத்யா சிர்கோவா. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

எங்கள் படிவத்தில் 'கிளை' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. 'சியாங்கியம்?' என்று தட்டினேன். கேள்விக்குறியை ஏற்க மாட்டேன் என்கிறது மென்பொருள்.