பல் செட்டோடு ஆரூருக்கு

வயதான நாயனக்காரன் என்றால் எல்லோரும் மூச்சைப் பற்றித்தான் கேட்பார்கள். "இன்னும் மூச்சு நிக்குதா?" நிற்கிறது. எனக்குப் போனது பல்.

தை மாதம் மேல்வரிசையில் முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கின. மாசி முகூர்த்தங்களை எப்படியோ ஓட்டினேன். வைகாசிக்குள் நாலு பல் போயிற்று. நாயனத்தில் ஊதுகிற முனையான சீவாளியை உதட்டால்தான் கவ்வுகிறோம், அதில் பல் படவே கூடாது. ஆனால் உதட்டுக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்கப் பல் வேண்டும். அது இல்லாவிட்டால் உதடு உள்வாங்கிக்கொள்ளும், ஓரத்தில் காற்று கசியும், மேல் ஸ்தாயிக்குப் போனால் நாயனம் பூனை மாதிரி கத்தும். 72 வயதில் பூனை வளர்ப்பதற்கா ஒன்பது வயதில் குருகுலத்தில் கொண்டுபோய் விட்டார்கள்?

முதலில் கட்டிய பல் செட், சாப்பிடச் சரி, பேசச் சரி, ஊத ஆகவில்லை. ஆனியில் ஒரு புதுமனை புகுவிழா. கல்யாணி ராகத்தை நீட்டிக்கொண்டு போகும்போது செட் நழுவிச் சீவாளியில் முட்டியது. பக்கத்தில் தவில் வாசித்த நண்பர் ஒருவருக்குத்தான் அது தெரிந்தது. நாற்பது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறவர் ஆயிற்றே. நான் நாயனத்தை இறக்குவதற்கு முன்பே தவிலில் பெரிய தீர்மானமாக, அதாவது முடிக்கும்போது அடிக்கிற சொற்கட்டாக, ஒன்றை எடுத்துவிட்டார். அதை மூன்று தடவை திருப்பி அடித்து முடிப்பதற்குள் நான் துண்டால் வாயை மூடிக்கொண்டு செட்டை ஏற்றிவிட்டேன். சபையில் கைதட்டல் வேறு.

ஆவணியில் வேறொரு இடத்தில் இரண்டாவது செட் கட்டினோம். இந்தத் தடவை சீவாளியையும் கையோடு கொண்டுபோய், உதட்டில் வைத்துக் காட்டி அளவு கொடுத்தேன். பரவாயில்லை. ஆனால் நாக்கைத் தட்டி ஊதுகிற துத்துகாரம் பிடிக்கும்போது நாக்கு என் பல்லில் படாமல் யாரோ ஒருவருடைய பல்லில் படுகிற மாதிரி இருந்தது. வாடகை வீட்டில் குடியேறிய மாதிரி.

வீட்டில் என் காலைப்பொழுது இன்னும் பழையபடிதான். நாலரைக்கு எழுந்து, சீவாளியை நனைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஆறு மணி வரை சாதகம். மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு வயது வரை என்னிடம் கற்றுக்கொண்டவன், இப்போது அலாரம் அடித்தால்தான் எழுந்திருப்பான். மருமகள் நல்ல பெண். "மாமா, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது" என்று மட்டும் சில நாள் மெல்லச் சொல்வாள். பேரன் என் நண்பரிடம் தவில் கற்றுக்கொள்கிறான். விரலில் கூடு மாட்டிக்கொள்ள அவனுக்கு அவ்வளவு ஆசை. கணக்குப் பாடத்தில் வாங்குகிற மார்க்கைவிடத் தாளக்கணக்கு நன்றாக வருகிறது.

என் மனைவிக்கு உள்ள காது வித்வான்களுக்கே கிடையாது. அடுக்களையில் காபி கலந்துகொண்டே, "காந்தாரம் தொங்குது, பாத்துக்கிடுங்க" என்பாள். பல் போன மாதங்களில் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். ஆவணிக் கடைசியில் ஒரு காலை, பிலகரி வாசிக்கும்போது, "நிஷாதம் பத்தலை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், திருவாரூர் போய்விட்டு வருவதென்று.

வைகாசி முழுக்க அந்த ஊர்ச் சிவன் தியாகேசரைத் திட்டித் தீர்த்திருந்தேன். திட்டுவதற்கு எனக்கு முன்னோடி உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார், திருவொற்றியூரில் சங்கிலியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, வசந்த விழா நினைவு வந்ததும் ஆரூருக்குக் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைத்தது. ஒற்றைக் கண்ணோடு ஆரூர் வந்து மற்றக் கண்ணைக் கேட்டுப் பாடியது ஏழாம் திருமுறையில் இருக்கிறது. கேட்டார் என்பதைவிடச் சண்டை போட்டார் என்று சொல்லலாம்.

"குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே."

கண்ணைத் தராவிட்டால் போங்கள், நீங்களே நன்றாக வாழுங்கள் என்கிறார். சத்தியத்தை மீறியவர் "குற்றம் ஒன்றும் செய்ததில்லை" என்று சொல்வதுதான் வேடிக்கை. இதை வீட்டில் சொன்னபோது, "நாப்பது வருஷம் வெத்தலை, சீவல், புகையிலைன்னு மென்னுட்டு நீங்களும் அதைத்தானே சொல்றீங்க" என்றாள் மனைவி. மறுத்துப் பேச வாயில் பல் இல்லை.

புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மேளக்காரனுக்கு ஓய்வு. பேரனுக்குக் காலாண்டு விடுமுறை. மனைவி, பேரன், தவில் நண்பர், நான் நாலு பேரும் கும்பகோணத்தில் பஸ் ஏறினோம். குடவாசல் வழியாகத் திருவாரூர் நாற்பது கிலோமீட்டர்தான். நாயனத்தை உறையோடு மடியில் வைத்துக்கொண்டேன். "கோயில்ல அவங்க மேளம் இருக்கும், இதை எதுக்கு அண்ணே தூக்கிட்டு வர்றீங்க?" என்றார் நண்பர். வீட்டில் விட்டுவிட்டு வர மனசு இல்லை, அவ்வளவுதான். நரசிங்கம்பேட்டையில் செய்த நாயனம். பழைய வீடுகளில் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, என்னவோ எனக்கே பட்டம் கொடுத்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஆரூரைச் சொல்வார்கள். சின்ன வயதில் நடந்தபோது தெரியாத தூரம் இப்போது முழங்காலில் தெரிகிறது. மூலவர் புற்றிடங்கொண்டாரைத் தரிசித்துவிட்டு வந்தோம். நவக்கிரகங்கள் இங்கே ஒன்பதும் ஒரே வரிசையில் நிற்கும். பேரன் பார்த்துவிட்டு, "ஸ்கூல் பிரேயர் மாதிரி நிக்கிறாங்க தாத்தா" என்றான். தியாகேசர் சந்நிதிக்கு எதிரே நந்தி நின்றுகொண்டிருக்கும். அதற்கும் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

தியாகேசருக்கு இங்கே நாம் பார்ப்பது முகம் மட்டும்தான். மற்றதெல்லாம் மலராலும் துணியாலும் மூடியிருக்கும். மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம், பங்குனி உத்திரத்தில் ஒரு பாதம், அவ்வளவே தரிசனம். அவர் ஆடுகிற நடனத்துக்கு அஜபா நடனம் என்று பெயர். பாற்கடலில் பள்ளிகொண்ட திருமால் அவரைத் தன் மார்பில் வைத்துப் பூசித்தாராம். திருமாலின் மூச்சு உள்ளே போகும்போது இவர் உயர்ந்தார், வெளியே வரும்போது தாழ்ந்தார். அதுதான் ஆட்டம். ஜதி கிடையாது, தாளம் கிடையாது, மூச்சு மட்டும். தியாகேசர் இருக்கிற சப்தவிடங்கத் தலங்கள் ஏழிலும் ஆளுக்கொரு நடனம் உண்டு. ஆனால் ஊதிப் பிழைக்கிற குலத்தில் பிறந்தவனுக்கு இதைவிட நெருக்கமான சாமி எது? பல்லைக் கேட்க வந்த நான், அந்த முகத்தைப் பார்த்ததும் என் மூச்சைக் கவனித்துக்கொண்டு நின்றேன். இழுத்தேன், விட்டேன். சீராகத்தான் வந்தது. பல்லைப் பற்றிப் பேச மறந்தே போனேன்.

சாயரட்சை பூசை மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்குத் தேவர்களெல்லாம் வந்து நிற்பார்கள் என்பது ஆரூர் நம்பிக்கை. நாங்கள் நாலு பேரும் அவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நின்றோம். நண்பர் பேரனுக்குப் பஞ்சமுக வாத்தியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே வெண்கலக் குடம், அதற்கு ஐந்து வாய், நடுவில் இருப்பது பெரிசு, ஐந்துக்கும் தோல் போர்த்தியிருக்கும், சிவனுடைய ஐந்து முகம் என்று கணக்கு. "அஞ்சையும் ஒரே ஆள் அடிப்பாரா?" என்று கேட்டான் பேரன். "நீ முதல்ல ரெண்டு பக்கத்தை ஒழுங்கா அடி" என்றார் நண்பர்.

சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் பிறந்த ஊர் இது. தியாகப்பிரம்மத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தச் சாமியால்தான். ஆழித்தேர் ஓடும்போது இங்கே மல்லாரி வாசிக்க வேண்டும் என்று இருபது வயதில் எனக்கு வெறி இருந்தது. ஒரு தடவை கிடைத்தது, பெரியவர்களுக்குப் பின்னால் மூன்றாவது நாயனமாக. அன்றைக்கு மல்லாரியில் கேட்ட கம்பீரநாட்டை ராகம் இன்னும் காதில் இருக்கிறது. நான் வாசித்தது இல்லை, முன்னால் போனவர்கள் வாசித்தது.

வெளியே வந்து கமலாலயம் படிக்கட்டில் உட்கார்ந்தோம். இருட்டிவிட்டது. குளத்து நடுவில் நாகநாதர் கோயில் விளக்கு தெரிந்தது. மனைவி தூக்குவாளியைத் திறந்து புளியோதரை எடுத்து வைத்தாள். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு யாரும் பேசவில்லை. அவள்தான், "எடுங்களேன்" என்றாள்.

"இங்கேயா?"

"பின்ன எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

நண்பர் போனில் சுருதி வைத்தார். காலம் இருக்கிறது பாருங்கள். ஒத்து ஊதுகிறவன் என்று ஒரு ஆளே இருந்தான், அப்புறம் சுருதிப்பெட்டி வந்தது, இப்போது சட்டைப்பைக்குள் போய்விட்டது. சீவாளியை நனைத்தேன். முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் செட் லேசாக ஆடியது. நண்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்தால் தெரிந்தது. மூன்றாவதில் சட்ஜம் பிடித்தது.

சுந்தரர் சண்டை போட்ட அந்தப் பதிகத்துக்குப் பண் செந்துருத்தி. இப்போது மத்தியமாவதியில் பாடுகிறார்கள். ஆலாபனை அதிகம் செய்யவில்லை. "மீளா அடிமை" என்று எடுத்தேன். நாயனத்தில் சொல் வெளியே வராது. ஆனால் உள்ளே சாகித்தியத்தைச் சொல்லிக்கொண்டுதான் நாக்கைத் தட்டுகிறோம். தெரிந்தவர்களுக்கு எழுத்து எழுத்தாகக் கேட்கும். "வாழ்ந்து போதீரே" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நாக்கு புதுப்பல்லில் போய் இடித்தது. நாலாவது தடவை வந்தபோது அது யாருடைய பல் என்று நினைக்கத் தோன்றவில்லை.

நண்பர் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். தவில் இல்லாமல் அவர் வாசித்து நான் பார்த்ததே இல்லை. பேரன் அவரைப் பார்த்துப் பார்த்துத் தன் தொடையில் தட்டினான், நடுவில் ஒரு இடத்தில் தாளத்தை விட்டான், பிடித்துக்கொண்டான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா மட்டும் தலை நிமிரவில்லை, கை மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருக்கும்.

முடித்து, சீவாளியைக் கழற்றித் துடைத்தேன். நின்றுகொண்டிருந்தவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நண்பர் அவசரப்படுத்தினார். தூக்குவாளியைப் பையில் வைத்துக்கொண்டிருந்த மனைவியிடம், ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறாளே என்று, "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"'விற்றுக் கொள்வீர்'னு வர்ற பாட்டை விட்டுட்டீங்க" என்றாள். "அதுலதான் குற்றம் ஒன்னும் செய்யலைன்னு வருது."

"தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன்.